சவாரி வண்டிலும் கூடார வண்டிலும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நம் நாட்டிற்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி அருகியதால் அடைபட்ட அந்தக் கதவு, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பழைய வாகனத்தையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டியவர்களும், இருந்ததை நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களும், பிறநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பிய பணத்தை வங்கியிலே வைத்திருந்தவர்களும் இன்று வீட்டுத் திண்ணையிலே ஒரே விடயத்தைப் பேசிக்கொண்டிருக்கின்றனர். எந்த வாகனத்தை வாங்குவது என்பதே அது.

பாடசாலை அதிபர் ஒருவரிடம், பிள்ளை எந்தப் பாடத்தைத் தெரிவது என்பதில் தொடங்கி, கிணறு எந்த மூலையில் வெட்டுவது என்பது வரை அபிப்பிராயம் கேட்பது நம்மூர் வழக்கம். அவருக்கு அதுபற்றித் தெரியுமோ தெரியாதோ, கேட்பார்கள். அவ்வாறு என்னிடம் அண்மையில் பலமுறை வந்த கேள்வி இது: கையிலுள்ள பணத்துக்கு வேகமும் அழகும் வலிமையும் உடைய சொகுசு வாகனம் ஒன்றை, ஆங்கில எழுத்துக்களால் எஸ்.யூ.வி. என வழங்குகின்றார்களே அதனை, வாங்குவதா? அல்லது வீட்டார் அனைவரும் வசதியாக அமர்ந்து செல்லக்கூடிய வான் வகையைச் சேர்ந்த வாகனத்தை வாங்குவதா? யான் கலைப்பட்டதாரி, இயந்திரம் கற்றவன் அல்லன். ஆயினும் இக்கேள்வி இயந்திரத்தைப் பற்றியது மட்டுமன்று என்று எனக்குத் தோன்றுவதால், இன்று இதனையே பேச எடுத்துக்கொண்டேன்.

இக்கேள்வி நம் பாட்டனார் காலத்திலும் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வீட்டு முற்றத்திலே இரண்டு வகை வண்டில்கள் நின்றன. ஒன்று சவாரி வண்டில். எடை குறைந்தது, மேலே கூடாரம் இல்லை, சாரதி ஒருவர் நின்றோ குந்தியிருந்தோ செலுத்துவதற்கு மேற்பட்ட இடம் அதிலே கிடையாது. அதற்கெனத் தனியே மாடுகள் வளர்க்கப்பட்டன. அம்மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை என்ன, உழுந்து என்ன, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாத கவனிப்பெல்லாம் கிடைத்தது. சவாரித் திடலிலே புழுதி கிளம்ப அவை பாய்ந்தபோது ஊரே ஆர்ப்பரித்தது. மற்றையது கூடார வண்டில். பாரமானது, மெல்ல அசைந்து செல்வது, வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் பாயை விரித்து, அப்பாச்சியும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சோற்றுப் பெட்டியும் தண்ணீர்ச் செம்புமாக வல்லிபுரக் கோயிலுக்கோ செல்வச்சந்நிதிக்கோ புறப்படுவதற்கென அமைந்தது.

இவ்விரண்டிலே எது உயர்ந்தது என்று எவரும் வாதிட்டதில்லை. சவாரி வண்டிலிலே அப்பாச்சியை ஏற்றவேண்டும் என்று எவரும் நினைத்ததில்லை. கூடார வண்டிலைத் திடலுக்குக் கொண்டுபோனவரும் இலர். நோக்கம் வேறு, வண்டில் வேறு என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கியிருந்தது. இன்றோ விற்பனையாளர், சவாரி மாடு பூட்டிய கூடார வண்டில் ஒன்றை நம்முன் நிறுத்தி, "இரண்டும் இதிலே உண்டு" என்கிறார். அந்த வாக்கிலே எவ்வளவு மெய் உண்டு என்று பார்ப்பது நல்லது.

இத்தகைய சொகுசு வாகனத்தின் பிறப்பு வரலாறு சுவையானது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென உருவான வில்லிஸ் ஜீப்பே அதன் மூதாதை எனலாம். போர் முடிந்த பின், 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்ரடாம் கண்காட்சியிலே லாண்ட் றோவர் அறிமுகமாயிற்று. அது கமக்காரனுக்கும் காட்டுப் பாதைக்கும் உரியது. அதிலே சொகுசு என்ற பேச்சே இல்லை. நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அதனைக் கண்டவர்கள், அதன் ஆசனத்தில் ஒருமுறை அமர்ந்தவர்கள், இதனை மறுக்கமாட்டார்கள். 1970இல் றேஞ்ச் றோவர் வந்தது. சேற்றிலே போன வண்டி மாளிகை வாயிலுக்கும் போகலாயிற்று. 1999ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் எக்ஸ் 5 என்பதனை வெளியிட்டது. உயரமான உடல், ஆனால் ஓட்டத்திலே பந்தயக் காரின் குணம். 2002இல், பந்தயக் கார்களாற் பெயர் பெற்ற போர்ஷே நிறுவனமே கயன் என்னும் உயர்ந்த வாகனத்தைச் செய்தது. இவ்வாறாக, வயலிலே பிறந்த வண்டி அறுபது ஆண்டிலே திடலுக்கு வந்து சேர்ந்தது. உருவம் மட்டும் வயலினுடையதாகவே இருக்கின்றது.

மற்றைய மரபு இத்துணைப் பகட்டில்லாதது. 1947இல் ஒல்லாந்து வணிகர் ஒருவர் தாளிலே கீறிய பெட்டி போன்றதொரு படம், 1950இல் வோக்ஸ்வாகன் வானாக வெளிவந்தது. 1967இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஹையேஸ் வானைச் செய்தது. அதன் பிந்திய வடிவம் ஒன்றிற்கு நம் நாட்டார் "டொல்பின்" என்று பெயர் சூட்டினர். அக்கடல்வாழ் விலங்குக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையை மூக்கிலே கண்டார்கள் போலும். நமக்கோ ஹையேசுக்கு முன்னரே தட்டிவான் இருந்தது. பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஆட்களும் மூட்டைகளும் கோழிகளும் கடகங்களும் ஒரே மரச்சட்டத்தினுள் ஒற்றுமையாகப் பயணஞ் செய்த அந்த வாகனத்தைவிட விசாலமான குடும்ப வாகனம் உலகில் எங்கும் இருந்ததாக யான் அறியேன்!

இனி அளவுக்கு வருவோம். இவ்விடத்திலே பலர் எதிர்பாராத ஓர் உண்மை இருக்கின்றது.

இன்றைய எக்ஸ் 5 வாகனத்தின் நீளம் 4.9 மீற்றருக்குச் சற்று அதிகம்; அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 2 மீற்றர்; எடை 2 தொன்னுக்கு மேல். வழக்கமாக ஐவர் அமர்வர். நம் வீதிகளிலே மிகுதியாகக் காணப்படும் சாதாரண அளவு ஹையேஸ் வானின் நீளம் 4.695 மீற்றர், அகலம் 1.695 மீற்றர். அதிலே ஒன்பது பத்துப் பேர் அமர்கின்றனர். அதாவது, ஐவரை ஏற்றும் வாகனம் பெரியது; பதின்மரை ஏற்றும் வாகனம் சிறியது! இதற்குக் காரணம் உண்டு. ஜப்பானியச் சட்டப்படி 4.7 மீற்றர் நீளத்தையும் 1.7 மீற்றர் அகலத்தையும் தாண்டாத வாகனமே சிறிய வகுப்பைச் சேரும். அந்த எல்லைக்குள் நின்று எவ்வளவு இடத்தைப் பெறலாம் என்று அந்நாட்டுப் பொறியியலாளர் மூளையைக் கசக்கினர். இயந்திரத்தைச் சாரதியின் ஆசனத்தின் கீழே தள்ளினர், முன்மூக்கைக் குறைத்தனர், பக்கச் சுவரை நிமிர்த்தினர். மற்றைய வாகனத்திலோ நீளத்திற் பெரும்பகுதியை நீண்ட முகப்பு எடுத்துக்கொள்கின்றது. அகலத்தின் ஒரு பகுதியைத் தடித்த கதவுகளும் பருத்த சில்லுகளும் எடுத்துக்கொள்கின்றன. வெளியிலே நின்று பார்ப்பவருக்குப் பெரிதாகத் தோன்றுவது உள்ளே இருப்பவருக்குப் பெரிதன்று.

அகலம் 2 மீற்றர் என்பதனைக் கொழும்பு நகரின் பெருவீதியிலே எண்ணிப் பார்த்தாற் பொருள் விளங்காது. நம் ஒழுங்கையிலே எண்ணிப் பார்க்கவேண்டும். இருமருங்கும் மதில், இடையிலே மதகு, எதிரே சைக்கிளில் ஒருவர், அவர் பின்னே பாற்காரர். எங்கள் பாடசாலை வாயிலிலே காலை ஏழரை மணிக்கு யான் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மிகப் பெரிய வாகனமொன்று வரும். வாயிலை நிறைத்துக்கொண்டு நிற்கும். பாரமான கதவு அகலத் திறக்கும். அதிலிருந்து ஒரேயொரு சிறுவன், தன் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும் படியிலிருந்து, புத்தகப் பையோடு குதிப்பான். அதன் பின்னே பொறுமையோடு காத்து நிற்கும் வானிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் இழுகதவு வழியாக வரிசையாய் இறங்குவர். இழுகதவு வாகனத்தின் உடலோடு ஒட்டியே பின்னோக்கி நகர்வதால், அடுத்த மதிலுக்கும் வாகனத்துக்கும் இடையே ஓராள் நுழையும் இடைவெளி இருந்தாற் போதும். இச்சிறு வசதியின் அருமை, மாரிகாலத்திலே குழந்தையைத் தோளிலும் குடையைக் கையிலும் வைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறிய தாய்மாருக்குத் தெரியும்.

ஆயினும் வேகத்தையும் ஓட்டத்தின் இன்பத்தையும் யான் இகழ விரும்பவில்லை. நல்ல இயந்திரத்தை ஆளுவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. அது நல்ல வாத்தியத்தை வாசிப்பவனின் மகிழ்ச்சியை ஒத்தது. சுக்கானைத் திருப்பியவுடன் வாகனம் சொற்கேட்டுத் திரும்புவதும், முன்செல்லும் லொறியைத் தயங்காது கடந்துவிடுவதும், தடுப்பை மிதித்ததும் நேராக நிற்பதும் வீண் பெருமைகள் அல்ல. அவை உயிர்காக்கும் குணங்களும் ஆகும். ஆனால், எக்ஸ் 5 வாகனத்தின் வலிய வகைகளுள் ஒன்று நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை ஏறத்தாழ ஐந்தரை விநாடியில் அடைகின்றது. அந்த ஆற்றலை எங்கே பயன்படுத்துவது? நம் நாட்டிலே கார்களுக்கு மக்கள் செறிந்த இடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றர், பிற வீதிகளில் 70, அதிவேகப் பாதையில் 100 என்பதே எல்லை. வடக்கே அதிவேகப் பாதை இல்லை. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சட்டத்தை மதித்து 70இல் இடையறாது சென்றால் இரண்டு மணித்தியாலம்; எக்ஸ் 5 ஆயினும் ஹையேஸ் ஆயினும் அதே இரண்டு மணித்தியாலம்தான். மாடும், நாயும், நெல் காயவைத்த பாயும், விளக்கில்லாத சைக்கிளும் உள்ள வீதியிலே சட்டத்தை மீறினால் என்னவாகும் என்பதற்குப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானமே போதும். ஓடும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 50இல் ஓடும் வாகனத்தைவிட 70இல் ஓடுவதற்கு ஏறத்தாழ இருமடங்கு சக்தி. 100இல் நான்கு மடங்கு. அத்தனையையும் தடுப்புக்களே வாங்கி ஆற்றவேண்டும். ஆற்றாதபோது எதிரே நிற்பவர் வாங்குகிறார்.

எனவே, வேக வாகனத்தை வாங்குபவர் தாம் பெரும்பாலும் பயன்படுத்த முடியாத ஒன்றுக்குப் பெரும்பணம் கொடுக்கின்றார் என்பது கணக்கு. கணக்கு மட்டுமே மனிதனை நடத்துவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எனது நண்பர் குடும்பமொன்றில் நிகழ்ந்ததனை இவ்விடத்திற் சொல்லுகிறேன்.

அவ்வீட்டு மகன் வைத்தியர். தந்தையார் காலமானபின் தங்கைமார் இருவரையும் கரைசேர்த்தவர். தம் இளமைக்காலத்துச் சம்பளமெல்லாம் கடனுக்கும் சீதனத்துக்கும் சென்றது. நாற்பது வயதைத் தாண்டிய பின்னர்தான் தமக்கென ஒன்றை வாங்கும் நிலை வந்தது. அவர் விரும்பியது வேகமும் அழகும் உடைய சொகுசு வாகனம். அதனைத் தவறென்று சொல்ல யார் துணிவர்? வீட்டில் மனைவி, பிள்ளைகள் இருவர், தாயார். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது; முழங்கால் நோ. வாகனப் பேச்சு வந்தபோதெல்லாம் அவ்வம்மையார் சொன்னது ஒன்றே: "நீ விரும்பினதை வாங்கு மோனை. நான் இனி எங்கை போகப்போறன்?"

மகன் அதனை அனுமதியாகக் கொண்டார். மருமகளோ, அது அனுமதியன்று என்று ஐயுற்றார். அம்மையார் மூன்று ஆண்டுகளாகத் திருமணத்துக்குப் போகவில்லை, செத்தவீட்டுக்குப் போகவில்லை, தேருக்கும் போகவில்லை. "அலைச்சல் ஒத்துக்கொள்ளாது" என்பார். ஒருநாள் மருமகள் மெல்ல வினவியபோது உண்மை வெளிவந்தது. பழைய கார் மிகத் தாழ்வானது. அதிலே அமர்வது விழுவதை ஒக்கும். எழுவதற்கு இருவர் கைபிடித்துத் தூக்கவேண்டும். வாடகை வான் மிக உயரமானது. ஏறுவதற்கு ஒருவர் பின்னாலிருந்து தள்ளவேண்டும். கலியாண வீட்டு வாயிலிலே, ஊரார் பார்த்து நிற்க, தம்மைத் தூக்கி இறக்குவதனை அவர் விரும்பவில்லை. அதனால் வீட்டிலே இருப்பதே மேல் என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்கு அலைச்சல் என்று பெயரிட்டுவிட்டார்.

நேயர்களே, நம் வீடுகளிலே இத்தகைய முதியோர் எத்தனை பேர்! வாகனத்தில் எத்தனை இருக்கைகள் உள என்று எண்ணுகிறோம். யார் யார் வீட்டிலே தங்கிவிடுகின்றனர் என்று எண்ணுவதில்லை. அவர்கள் தாமாகவே "நான் வரவில்லை" என்று சொல்லிவிடுவதால் நமக்கு அந்தக் கணக்கு எளிதாகிவிடுகின்றது.

முழங்கால் நோவுள்ளவருக்கு ஏற்ற ஆசனம், நிற்கும்போது இடுப்பு எந்த உயரத்தில் இருக்குமோ ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கவேண்டும். கீழே இறங்கவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். பின்புறமாக அமர்ந்து காலை உள்ளே எடுத்தாற் போதும். இவ்வகையிலே உயர்ந்த சொகுசு வாகனம் தாழ்ந்த காரைவிட நல்லது என்பதனை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அதன் அகன்ற விளிம்பும் சாய்ந்த கூரையும் இடையூறு செய்யும். காலையும் தலையையும் ஒரே வேளையிற் கவனிக்கவேண்டும். ஹையேஸ் வானிலோ உள்ளே நகர இடம் உண்டு, படிதான் உயரம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வகையொன்று ஜப்பானிலே வளர்ந்திருக்கின்றது. டொயோட்டா சியன்ரா, ஹொண்டா பிறீட் முதலியன அவ்வகை. சியன்ராவின் நீளம் 4.26 மீற்றர்தான், அகலம் ஹையேசைப் போன்றே 1.695 மீற்றர். தளம் தாழ்வானது, கதவு இழுகதவு, எழுவர் அமரும் வகையும் உண்டு. முதியோர் பெருகிய நாடு அது. முதியோரை நினைத்துச் செய்த வாகனங்கள் அங்கே தோன்றியது வியப்பன்று. ஆசனமே வெளிப்புறம் திரும்பி, கீழிறங்கி, அமர்ந்தவரை உள்ளே எடுத்துக்கொள்ளும் வாகனங்களையும் அந்நாட்டார் செய்கின்றனர்.

வைத்தியர் தாயாரையும் அழைத்துக்கொண்டு வாகனம் பார்க்கச் சென்றார். சொகுசு வாகனத்தில் அம்மையார் மகனுடைய தோளைப் பிடித்து ஏறினார். இறங்கும்போது மூச்சு வாங்கினார். தாழ்தளச் சிறுவானில் கதவோரக் கைபிடியைத் தாமே பற்றி, எவரையும் அழைக்காமல் ஏறி அமர்ந்தார். அமர்ந்தவர் உடனே இறங்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக வெளியே போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதனையே வாங்கினர். வைத்தியர் தம் இழப்பை மறைப்பதில்லை. "அலுமாரி ஒன்றை உருட்டிக்கொண்டு போவது போல இருக்கிறது, ஐயா" என்று என்னிடமே சொன்னார். அவர் சொன்னது மெய். அந்த வாகனம் வளைவிலே சாயும், ஏற்றத்திலே முனகும், அதனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு கேட்டபின், வான் வகை யாவும் குற்றமற்றன என்று நேயர்கள் கொள்ளலாகாது. பழைய அமைப்புடைய ஹையேசிலே சாரதியின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் இடையில் இரும்பு அதிகம் இல்லை. நீண்ட முகப்பு இடத்தை விழுங்குகின்றது என்றேன். மோதல் நேர்ந்தால் நசுங்கித் தாங்குவதும் அம்முகப்பே. பிறநாடுகளுக்கென 2019இல் வெளியான புதிய ஹையேசிலே இயந்திரத்தை முன்னே நகர்த்தி மூக்கொன்று வைத்ததன் பொருளை இதனோடு சேர்த்து எண்ணலாம். அன்றியும், பத்துப் பேர் அமரும் வானிலே பத்து இருக்கைப் பட்டிகள் உண்டோ என்று வாங்குபவர் பார்ப்பதில்லை. இருந்தாலும் அவை ஆசனத்தின் அடியிலே புதைந்து கிடக்கின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பத்துக்குப் புறப்பட்டு விடியுமுன் வந்து சேரும் பயணத்திலே, பின்னால் எல்லாரும் உறங்க, சாரதியும் உறங்கினால் எந்த வாகனமும் காவாது. எழுவர் வாகனங்களிலும் ஒரு குறையுண்டு. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பொருள் வைக்க இடம் இராது; மடித்தால் ஆள் இருக்க இடம் இராது. கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டியும் ஒடியற் பொதியும் இல்லாமல் கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணக் குடும்பம் ஏது? விற்பவர் ஏழு இருக்கை என்றும் இவ்வளவு பொருள் என்றும் இரண்டு எண்களைச் சொல்லும்போது, அவ்விரண்டும் ஒரே வேளையிற் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சிறிது. நம் நாட்டில் வாகன விலையின் பெரும்பகுதி வரி. உற்பத்தி வரி பெற்றோல், டீசல் வாகனங்களுக்கு இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்து ஏறும். குறித்த பெறுமதியைத் தாண்டினாற் சொகுசு வரி வேறு. இவற்றின் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. ஆதலின் இயந்திரத்தின் ஒவ்வொரு கூடுதற் குதிரைவலுவுக்கும் உற்பத்தியாளருக்குக் கொடுப்பதைவிட அதிகமாகத் திறைசேரிக்குக் கொடுக்க நேரலாம். நாட்டுக்கு நல்லதே, வீட்டுக்கு எப்படியோ!

2022ஆம் ஆண்டினை நாம் மறந்திருக்கமாட்டோம். எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது, தொடக்கத்திலே காருக்கும் வானுக்கும் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஒரே பங்கு வைத்தார்கள். இரண்டு வாகனமும் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 20 லீற்றருக்கு 200 கிலோமீற்றர். நால்வர் போன வாகனம் அந்த 20 லீற்றரில் நால்வருக்குப் பயன்பட்டது. ஒன்பது பேர் போன வான் ஒன்பது பேருக்குப் பயன்பட்டது. அதற்கும் முன்னே, 1990களில் வடக்கிலே பெற்றோல் அற்றுப்போன காலத்தில், ஒஸ்ரின் கேம்பிறிஜ்சும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயைக் குடித்து நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்தன. எத்துணை எளிய இயந்திரங்கள்! இன்றைய சொகுசு வாகனத்தின் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வார்த்தால் என்ன நேரும் என்பதனை எண்ணவே அச்சமாக இருக்கின்றது. அக்காலம் மீண்டும் வரவேண்டாம்.

வேறொரு வழியை அறிவுடையோர் சிலர் சொல்வதுண்டு. "விரும்பிய சிறிய வேக வாகனத்தை வாங்கு, ஆண்டிலே நான்கைந்து முறை குடும்பத்தோடு போகும்போது வானை வாடகைக்குப் பிடி, கணக்கிலே அதுவே இலாபம்." இது மறுக்கத்தக்க வாதமன்று, இளம் தம்பதியர்க்கும் தனியாள்களுக்கும் மிகப் பொருந்தும். ஆனால் வாடகை வான் என்பது கேட்டாற் கிடைப்பது. கேட்கும் வழக்கம் நம் முதியோரிடம் இல்லை. "எனக்காக ஒரு வானா?" என்று தொடங்கி, செலவைச் சொல்லி, இறுதியிலே போகாமல் இருந்துவிடுவார்கள். முற்றத்திலே நிற்கும் வாகனத்தில் மட்டுமே அவர்கள் கேளாமல் ஏறுவார்கள்.

ஆதலின், வாகனம் பார்க்கப் போகும் நாளிலே செய்யவேண்டிய சிலவற்றைக் கூறுகிறேன். வீட்டார் அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் வயதில் மூத்த பெண்ணை எவரும் கைகொடாமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள்; ஒரு முறையன்று, மூன்று முறை. முதல் முறை எல்லாரும் மரியாதைக்காகச் சமாளிப்பர். மூன்றாம் முறை முகம் உண்மையைச் சொல்லும். பணம் கொடுப்பவர் சாரதி ஆசனத்தில் மட்டும் அமராமல், கடைசி வரிசையிலே கால் மணித்தியாலம் அமர்ந்து பார்க்கட்டும். முழங்கால் தாடையைத் தொட்டால் அந்த வரிசை பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று அறியலாம். இருக்கைப் பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டிப் பாருங்கள். போகுமுன், உங்கள் ஒழுங்கையின் ஒடுங்கிய இடத்தையும் படலையின் அகலத்தையும் கயிற்றால் அளந்து, அக்கயிற்றைச் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை நிலையத்தின் விசாலமான தளத்திலே எல்லா வாகனமும் ஒழுங்கையில் நுழையும் போலவே தோன்றும்.

கயிற்றை எடுத்து அளக்கும்போது அங்கே நிற்கும் இளைஞர் சிரிக்கக்கூடும். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அளவுங்கள்.